மணி அடித்தால் எடுப்பது யார்?

மதுரைக் கீழமாசி வீதியில் என் அத்தான் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருக்கிறார். புதிதாக அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் நாலைந்து தும்மல் போடாமல் உட்கார முடியாது. எனக்குப் பத்து வயதிலிருந்து பழக்கம். ஒரு தும்மலோடு சரியாகிவிடும். நடுவில் தராசு, ஒரு பக்கம் அடுக்கி வைத்த சாக்கு மூட்டைகள், மறு பக்கம் பழைய சாய்வு மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோன்.

அந்த டெலிபோனை அத்தான்கூட எடுக்க மாட்டார். மணி இரண்டாம் தடவை அடிப்பதற்குள் கணக்கப்பிள்ளையின் கை அதன் மேல் விழுந்துவிடும். 'ஹலோ' என்று சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "சொல்லுங்க" என்பார். மறுமுனையிலிருந்து ஒரு வார்த்தை வந்ததும் ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "என்ன, முதுகுளத்தூர்ப் பக்கம் மேகம் கட்டியிருக்கா?" என்பார். "மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பார். அதன் பிறகுதான் விலை நிலவரம். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்து விவசாயிகள் எத்தனையோ பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் குரலை நம்பி லாரியில் மூட்டை ஏற்றிவிடுவார்கள்.

இப்படி முப்பது வருஷம் நடந்து வந்த காரியத்துக்கு ஒரு நாள் இடையூறு வந்தது. வீதியைத் தோண்டினார்கள். சாக்கடைக்கோ, தண்ணீர்க் குழாய்க்கோ, எதற்கென்று தெரியாது; கடப்பாறை போன இடத்தில் செம்புக் கம்பியும் போயிற்று. டெலிபோன் ஊமையாகிவிட்டது. மனுக் கொடுத்தார்கள். ஆள் வந்தார், பார்த்தார், 'இனிமேல் இந்தப் பழைய கம்பிக்கு யார் சார் உயிர் கொடுப்பது?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தானின் மகன் என்ஜினீயரிங் படித்தவன். சென்னையில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் தகப்பனாரின் தொழிலுக்கே திரும்பி வந்தவன். அவன் சொன்னான்: "கம்பியே வேண்டாம் அப்பா. இன்டர்நெட் டெலிபோன் போட்டுவிடலாம். பெரிய கம்பெனிகள் எல்லாம் அதற்குத்தான் மாறியிருக்கின்றன." அத்தானுக்குப் பாதி சம்மதம். கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் பிடிக்காமல் என் அக்காள் எனக்குப் போன் செய்தாள். "நீதான் நாலு எழுத்துப் படித்தவன், நாலு இடத்துக்குப் போகிறவன். வந்து பார்த்து ஒரு முடிவு சொல்லு."

நான் நாலு எழுத்துப் படித்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்! கல்லூரியை முழுக்க முடிக்காதவன். பௌதிகப் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின இரவில் திறந்து விடியற்காலையில் மூடியவன். ஆனாலும் தமக்கை கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? போவதற்கு முன்னால் ஒரு வாரம் இந்த விஷயத்தைப் பற்றிப் படித்தேன். தெரிந்தவர்களைக் கேட்டேன். அந்த வாரம் படித்ததும், பிறகு பட்டதும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

கிரகாம் பெல் டெலிபோனுக்கு உரிமை பெற்றது 1876-இல். ஆறே வருஷத்தில், 1882 ஜனவரி 28-ஆம் தேதி, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் டெலிபோன் நிலையங்கள் திறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒருவரை அழைக்க வேண்டுமானால் நிலையத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அவர் கையால் இணைத்துக் கொடுப்பார். அந்த இடைமனிதரை ஒழித்தவர் யார் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் பிண அடக்கத் தொழில் செய்து வந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர். சாவு வீட்டிலிருந்து தம்மை அழைக்கிறவர்களை, டெலிபோன் நிலையத்தில் இருந்த பெண்மணி தம்முடைய போட்டிக்காரருக்கே இணைத்துவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அவள் போட்டிக்காரரின் மனைவி என்றும் சொல்வார்கள். மனிதருக்குக் கோபம் வந்தது. 'இடையில் ஆளே வேண்டாம்' என்று உட்கார்ந்து, தானாகவே இணைக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்து 1891-இல் உரிமையும் வாங்கிவிட்டார். வியாபாரத்தில் ஒரு டெலிபோன் அழைப்புக்கு என்ன மதிப்பு என்பதை அவரைப் போல் உணர்ந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

நம் நாட்டில் ஆள் இல்லாமல் வெளியூர் பேசும் வசதி 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில்தான் முதலில் வந்தது. எண்பதுகளில் தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. மதுரைக்கு பூஜ்யம், நாலு, ஐந்து, இரண்டு என்று நாம் மனப்பாடம் செய்தோம். 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு முதல் செல்போன் பேச்சு நடந்தது. இன்டர்நெட் வழியாகப் பேசுவதற்குச் சில வரம்புகளோடு 2002 ஏப்ரலில் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. இன்டர்நெட் வழியிலிருந்து சாதாரண டெலிபோனுக்கும் செல்போனுக்கும் தாராளமாகப் பேசலாம் என்று வழி திறந்தது 2018-இல்தான். அதே வருஷம் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில் அத்தகைய சேவையைத் தொடங்கிற்று.

இதெல்லாம் சரி, இன்டர்நெட் வழியாகக் குரல் எப்படிப் போகிறது? இதை எனக்கு விளங்க வைத்தவன் என் மருமகன்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைக் காட்டி விளக்கினான்.

"மாமா, பழைய டெலிபோன் என்பது ஒரு மல்லிகைச் சரத்தை அப்படியே கயிறு கட்டி இழுப்பது போல. நீங்கள் பேசுகிற வரைக்கும் அந்தக் கயிறு உங்களுக்கு மட்டும். இன்டர்நெட் டெலிபோன் அப்படி இல்லை. சரத்தை உதிர்த்து, ஒவ்வொரு பூவிலும் விலாசம் எழுதி, போகிற வருகிற வண்டியில் எல்லாம் போட்டு அனுப்புகிறோம். அங்கே ஒருத்தன் உட்கார்ந்து வரிசையாகத் திரும்பத் தொடுக்கிறான்."

உவமையை நான் உடனே குறித்துக் கொண்டேன். எழுத்தாளனுக்கு இதெல்லாம் இலவசமாகக் கிடைத்தால் விடலாமா?

பேச்சை வழக்கமாக ஐம்பதில் ஒரு விநாடி வீதம் துண்டு போடுகிறார்கள். ஆக, ஒரு விநாடிக்கு ஐம்பது பூ. சில பூக்கள் தாமதித்து வந்தால் தொடுக்கிறவன் சற்றுக் காத்திருப்பான். ரொம்பத் தாமதித்தால் விட்டுவிட்டுத் தொடுத்துவிடுவான். அப்போதுதான் நமக்கு 'ப... லோ... மூட்...' என்று காதில் விழுகிறது. பேச்சு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு விநாடியில் ஏழில் ஒரு பங்குக்குள், கணக்காகச் சொன்னால் 150 மில்லி விநாடிக்குள், போய்ச் சேர்ந்தால் இருவரும் சௌகரியமாகப் பேசலாம் என்று சர்வதேச அளவில் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவார்கள். விலை பேசும் இடத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் யோசிக்கிறார் என்று மற்றவர் நினைப்பார். அவரோ ஒப்புக் கொண்டு வெகு நேரம் ஆகியிருக்கும்.

ஆகவே, 'எங்கள் இணைப்பு அத்தனை வேகம், இத்தனை வேகம்' என்று விற்க வருகிறவர்கள் சொல்லும் பேச்சில் மயங்க வேண்டாம். நல்ல தரத்தில் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் ஏறக்குறைய நூறு கிலோபிட் இருந்தால் போதும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்தான். வேகத்தைவிட நிதானம் முக்கியம். அதிலும், நம்மிடமிருந்து வெளியே போகும் திசையில் நிதானமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைப் பையன் மூலையில் உட்கார்ந்து சினிமாப் படத்தை ஏற்றி அனுப்பிக் கொண்டிருந்தால், பேச்சுக்கு முதல் வழி விடும்படி அந்த ரூட்டர் பெட்டியில் ஏற்பாடு செய்து வைக்கவும் வேண்டும்.

இத்தனையும் தெரிந்து கொண்ட பிறகு, 'பதினைந்து நாள் இலவசமாகப் பரீட்சை செய்து பாருங்கள்' என்று சொன்ன ஒரு கம்பெனியின் ஏற்பாட்டை மருமகன் கொண்டு வந்தான். பழைய நம்பருக்கு வருகிற அழைப்பைப் புது நம்பருக்குத் திருப்பி விட்டார்கள். மேஜைக்கு மேஜை புதுக் கருவி. கணக்கப்பிள்ளைக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, கிட்டங்கிக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. எல்லாம் அழகாக இருந்தன. யார் எப்போது அழைத்தார்கள், எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக வந்தது. குரலும் பளிங்கு போல் இருந்தது. நானே என் வீட்டிலிருந்து பேசிப் பார்த்து, "பிரமாதம்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏனென்றால், நான் பேசியது மருமகன் கொடுத்த தனி நம்பரில். கடையின் நம்பரில் பேசியிருந்தால் வேறு ஒன்று கேட்டிருக்கும். இனிமையான ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லும். 'விலை நிலவரத்துக்கு ஒன்றை அழுத்தவும். சரக்கு அனுப்ப இரண்டை அழுத்தவும். கணக்குப் பட்டுவாடாவுக்கு மூன்றை அழுத்தவும்.'

அது வற்றல் வரவு மும்முரமான காலம். கடைக்கு அழைப்பு குறைந்துவிட்டது. "சனங்களுக்குப் பழக நாலு நாளாகும்" என்றான் மருமகன். கணக்கப்பிள்ளை கணக்கு நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தார்.

பரீட்சை தொடங்கிய பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, நானும் கடையில் இருந்தேன். ஓர் அம்மாள் வந்தாள். அறுபது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. கமுதிப் பக்கத்துக் கிராமம். கணக்கில் பழைய பாக்கி வாங்க வேண்டியிருந்தது, அதற்காக வந்திருந்தாள். கணக்கப்பிள்ளை அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை. அவள் "ஐயா" என்றதும் நிமிர்ந்து, ஊர்ப் பேரையும் அவள் பேரையும் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"சரக்கு என்ன ஆச்சு? பன்னெண்டு மூட்டை வரும்னீங்களே?" என்று கேட்டார்.

"அதை வித்துட்டேங்கய்யா."

"யாருக்கு?"

"களத்துக்கே வந்தான் ஒரு யாவாரி. மேகம் திரண்டு நிக்குது. காயப் போட்ட வத்தல் அத்தனையும் களத்திலே கிடக்கு. இன்னிக்கு அனுப்பலாமா, விலை எப்படி, வண்டி வருமான்னு உங்களைக் கேக்கலாம்னு போன் போட்டேன். யாரோ ஒரு பொம்பளை எடுத்துச்சு. நம்பரை அமுக்குங்குது. நான் பேசப் பேச அது பாட்டுக்குப் பேசுது. மூணு தடவை போட்டேன். கடை கை மாறிப் போச்சு போலிருக்குன்னு நினைச்சேன். அவன் கேட்ட விலைக்குக் கொடுத்துட்டேன்."

அவள் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை என்ன விலைக்குக் கொடுத்தாள் என்று கேட்டார். சொன்னாள். அவர் பென்சிலை எடுத்து ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். அத்தான் சாலையைப் பார்த்தார். மருமகன் கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தேடினான். தேடினது கிடைத்தது. அந்த நாள், அந்த மணி, அந்த அம்மாளின் நம்பர், மூன்று அழைப்பு. ஒவ்வொன்றும் நாற்பது விநாடிக்குள். எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. அதைப் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்காள் வீட்டுக்கு அழைத்துப் போய், பாக்கியையும் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் மருமகன் என்னிடம், "மாமா, தப்பு மெஷினில் இல்லை. நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை" என்றான்.

"என்ன கேள்வி?"

"யார் அழைக்கிறார்கள் என்று."

அந்த ஒரு பேச்சுக்காக அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஸ்ட்ரௌஜருக்கு இடையில் இருந்த ஆளால் நஷ்டம். அவர் ஆளை எடுத்தார். இந்த மண்டிக்கு இடையில் இருந்த ஆள்தான் மூலதனம். அந்த ஆளை எடுத்துவிட்டு டெலிபோனை மட்டும் வைத்துக் கொண்டோம். ஆனால், இதற்காக இன்டர்நெட் டெலிபோனே வேண்டாம் என்று முடிவு செய்வதும் நியாயம் இல்லை. கம்பி செத்துப் போனது உண்மை. இனி எங்கும் கண்ணாடி இழைதான். அந்த இழையில் வரும் 'பழைய' டெலிபோனும் உள்ளுக்குள் இன்டர்நெட் முறையில் போகிற குரல்தான். ஆகவே, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை கணக்கப்பிள்ளையும் கூட இருந்தார். கடை வைத்திருக்கிற வாசகர்கள் யாருக்காவது உபயோகப்படட்டும் என்று அன்றைய ஆலோசனையைச் சொல்லுகிறேன்.

முதலாவது, நம்பர். பழைய நம்பரை விடக் கூடாது என்றார் கணக்கப்பிள்ளை. ஊர் ஊராகச் சுவரிலும், காலண்டரிலும், கிழவிகளின் ஞாபகத்திலும் இருக்கிற நம்பர் அது. அதே கம்பெனியில் இழைக்கு மாறி நம்பரைக் காப்பாற்றிக் கொண்டோம். புது நம்பர் வாங்குகிறவர்கள், அது யார் பேரில் பதிவாகிறது, நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் நம்மோடு வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பெரிய பேர் என்று மட்டும் நம்பிவிடவும் கூடாது. உலகம் முழுவதும் பேசப் பழக்கிய ஸ்கைப் 2003-இல் பிறந்தது. 2025 மே மாதம் கடையை மூடிவிட்டது.

இரண்டாவது, அனுமதி. டெலிபோன் நம்பர் கொடுக்க அரசாங்க லைசென்ஸ் பெற்ற கம்பெனிதானா என்று பார்க்க வேண்டும். 'வெளிநாட்டு அழைப்பு காலணாவுக்கு' என்று வருகிற ஏற்பாடுகளில் சில, அழைப்புகளைக் கள்ளத்தனமாக உள்ளூர் சிம் கார்டுகளில் நுழைத்துவிடுகிறவை. போலீஸார் வந்து பெட்டியைத் தூக்கிப் போகும் போது நம் வியாபாரமும் சேர்ந்து போகும்.

மூன்றாவது, எத்தனை. எத்தனை கருவி என்பது வேறு. ஒரே சமயத்தில் எத்தனை பேச்சு என்பது வேறு. கடையில் பத்துக் கருவி இருந்தாலும், சேர்ந்தாற்போல் நாலு பேருக்கு மேல் பேசுவதில்லை என்றால் நாலு வழி போதும். எங்கள் விஷயத்தில் கம்ப்யூட்டரில் பதிவான கணக்கே இதற்கு உதவிற்று. பரபரப்பான நாளில், பரபரப்பான மணியில், எத்தனை அழைப்பு மோதிக் கொண்டன என்று பார்த்தோம். மூன்று. நாலு வழி வாங்கினோம். விற்க வந்தவர் பத்துச் சொன்னார்.

நாலாவது, மின்சாரம். பழைய டெலிபோனின் பெரிய குணம் இதுதான். அதற்கு வேண்டிய நாற்பத்தெட்டு வோல்ட் கம்பி வழியாகவே நிலையத்திலிருந்து வந்துவிடும். ஊர் முழுக்க இருண்டாலும் டெலிபோன் அடிக்கும். இன்டர்நெட் டெலிபோனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இழைப் பெட்டி, ரூட்டர், கருவி எல்லாவற்றுக்கும் நம் வீட்டு மின்சாரம் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிற்கிற ஊரில், இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த டெலிபோன் வைக்கிறவர் குடையில்லாமல் ஐப்பசியில் புறப்படுகிறவர். இழையும் அறுந்துபோனால்? அப்போது அழைப்பு தானாகவே ஒரு செல்போனுக்குத் திரும்பும்படி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அப்படித் திரும்பும் அழைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுக் கொள்ள வேண்டும். போலீஸுக்கோ ஆம்புலன்ஸுக்கோ 112 அழைப்பதானால் செல்போனிலேயே அழைப்பது நல்லது. இன்டர்நெட் டெலிபோனில் பேசுகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று மறுமுனைக்குத் தெரியாமல் போகலாம்.

ஐந்தாவது, பூட்டு. இதை நான் படித்த போது திடுக்கிட்டேன். புதுக் கருவியோடு வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், எங்கேயோ இருக்கிற திருடன் ராத்திரியில் நம் டெலிபோனுக்குள் புகுந்து, விலை உயர்ந்த வெளிநாட்டு நம்பர்களுக்கு விடிய விடியப் பேச வைப்பானாம். காலையில் நாம் கடை திறக்கும்போது பில் திறந்திருக்கும். மண்டிக்கு வெளிநாட்டுப் பேச்சு எதற்கு? அதை அடியோடு அடைத்துவிட்டோம்.

ஆறாவது, பில். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்பார்கள். அதில் பேச்சுக் கட்டணம் சேர்ந்ததா, பதிவு செய்து வைப்பதற்குத் தனியா, பதினெட்டு சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பேச்சைப் பதிவு செய்வதானால், பேசுகிறவருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். "பதிவு வேண்டாம்" என்று கணக்கப்பிள்ளை சொன்னார். "என் பேச்சை நான் மாற்றினதில்லை. அவங்க மாத்தினா எனக்குக் குரல்லேயே தெரியும்."

ஏழாவது, உதவி. இது என் சொந்த யோசனை; நாவலாசிரியனாலும் ஓர் உபயோகம் இருக்கட்டுமே என்று சொன்னேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்தக் கம்பெனியின் உதவி நம்பருக்கு மூன்று தடவை அழைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. டெலிபோன் விற்கிறவர்களே டெலிபோனை எடுக்கவில்லை என்றால் அப்புறம் பேச வேண்டியது ஒன்றும் இல்லை. மூன்று கம்பெனிகளை அழைத்தோம். இரண்டில் இனிய பெண் குரல் 'ஒன்றை அழுத்தவும்' என்றது. அத்தான் போனை என் கையில் கொடுத்துவிட்டார். மூன்றாவதில் ஒரு பையன் எடுத்தான். "சொல்லுங்க சார்" என்றான். கணக்கப்பிள்ளை முதல் தடவையாகத் தலையை ஆட்டினார்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேஜைக் கருவி, செல்போனில் போட்டுக் கொள்ளும் செயலி, பழைய டெலிபோனையே சொருகிக் கொள்ளும் சிறு பெட்டி என்று மூன்று விதம் உண்டு. விலையைப் பார்த்து மட்டும் வாங்காமல், யார் கையில் எது பழகும் என்று பார்த்து வாங்குவது நல்லது. கணக்கப்பிள்ளைக்கு அவருடைய பழைய டெலிபோனையே அந்தச் சிறு பெட்டியில் சொருகிக் கொடுத்தோம். கை போகிற இடத்தில் அது இருக்கிறது. பெண் குரலை எடுத்துவிட்டோம். மணி அடித்தால் முதலில் அவருக்கு; அவர் பேசிக் கொண்டிருந்தால் அத்தானுக்கு; அவரும் பேசினால் பையனுக்கு. யாரும் எடுக்காமல் போனது எதுவோ, அது பையனின் செல்போனில் சிவப்பாக வந்து நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் அவன் திருப்பி அழைத்தாக வேண்டும். இது அத்தானின் உத்தரவு.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சென்ற வருஷம் கணக்கப்பிள்ளைக்கு முழங்கால் வலி வந்தது. செல்லூரிலிருந்து கடைக்கு வந்து போவது சிரமமாயிற்று. "கண்ணு தெரியுது, காது கேக்குது, கால் மட்டும் கேக்க மாட்டேங்குது" என்றார். விலகிக் கொள்ளுகிறேன் என்று அத்தானிடம் சொல்லியும்விட்டார். இன்னொரு கணக்கப்பிள்ளை கிடைக்கலாம். அந்தக் காது எங்கே கிடைக்கும்? அத்தான் இரண்டு நாள் சாப்பாட்டில் மனம் இல்லாமல் இருந்ததாக அக்காள் சொன்னாள்.

மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போனான். அவர் செல்போனில் அந்தச் செயலியைப் போட்டான். கீழமாசி வீதி நம்பர் அடித்தால் செல்லூரில் அவர் திண்ணையில் அடிக்கும்படி செய்துவிட்டு வந்தான். செம்புக் கம்பியாக இருந்தால் இது நடந்திருக்குமா? கம்பி ஒரு மேஜையோடு கட்டிப் போட்டிருந்த குரல் இப்போது மனிதரோடு போகிறது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவர் திண்ணையில் உட்கார்ந்து மண்டியின் டெலிபோனை எடுக்கிறார். சம்பளமும் நிற்கவில்லை.

சமீபத்தில் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக் கொண்டிருக்கும் போதே மணி அடித்தது. இரண்டாவது மணிக்குக் கை போய்விட்டது. "சொல்லுங்க" என்றார். ஒரு விநாடி கேட்டார். முகம் மலர்ந்தது.

"பன்னெண்டா, பதினாலா?" என்று கேட்டார். பிறகு, "மேகம் எந்தப் பக்கம் நிக்குது?" என்றார்.

பதிலைக் கேட்டு, என்னைப் பார்த்து, பென்சில் வேண்டும் என்று கையால் ஜாடை காட்டினார். என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.